பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு குயில்ட்: துணி வாங்குவதில் தொடங்கி முதல் சலவை வரை

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போட மாட்டார்கள். பாட்டியின் பழம்புடவையை, தாத்தாவின் நைந்த வேட்டியைக் கிழித்து அதில்தான் சுற்றுவார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். பல வருடம் துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தியின் மெதுமெதுப்பு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

நான் முதலில் தைத்த குழந்தை குயில்ட்டில், அதாவது துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைத்த விரிப்பில், இதை மறந்துவிட்டேன். சித்தி மகளின் தலைப்பிள்ளைக்காகத் தைத்தது. ரோஸ் நிற சாட்டின் ஓரம், மூலைக்கு மூலை லேஸ், உள்ளே புஸுபுஸுவென்று பாலியஸ்டர் பஞ்சு. "அக்கா, இவ்வளவு அழகா இருக்கே, மூத்திரம் போயிட்டா என்ன பண்றது?" என்று வாங்கினவள் பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை வெளியே எடுத்தார்கள். அன்றைக்குத் துவைத்ததில் நான் ஆசையாக வைத்த மெரூன் சுங்குடித் துண்டு சாயம் விட்டு, வெள்ளையெல்லாம் வெளிர் ரோஸ் ஆகிவிட்டது. அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது.

தம்பிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றதும் வேறு மாதிரி தைத்தேன். தினமும் அழுக்காகி, தினமும் வாஷிங் மெஷினுக்குப் போகிற மாதிரி. இங்கே சொல்லியிருப்பது அதன் செய்முறை. சாதாரணத் தையல் மெஷினில் நேர்த் தையல் போடத் தெரிந்தால் போதும். சாயந்திரங்களில் மட்டும் உட்கார்ந்தால் ஒரு மாதம் பிடிக்கும்.

என்ன தைக்கப் போகிறோம்

குயில்ட் என்றால் மூன்றடுக்கு. மேலே ஒட்டுத்துணிகளால் ஆன முகம், நடுவில் மெல்லிய பஞ்சு அல்லது துணி, கீழே ஒற்றைத் துணி. மூன்றையும் சேர்த்து ஓடும் தையல்தான் குயில்ட்டிங். வங்காளத்தின் காந்தா, மராட்டியத்தின் கோதடி, வட கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இன மக்களின் கவந்தி எல்லாம் இந்தக் குடும்பம்தான். கவந்தியை ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். நாம் எடுத்துக்கொள்ளும் முறை அவ்வளவு துணிச்சலானது இல்லை. முகத்தை முதலில் முடித்துவிட்டு அடுக்குவோம்.

'மாடர்ன்' குயில்ட் என்று இப்போது சொல்வதில் பெரும்பகுதி வெற்றிடம்தான். பூப்போட்ட துணியை நூறு கட்டங்களாக நெருக்கி வைக்காமல், வெறும் நிறத் துணியை நிறைய விட்டு, வடிவத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பது. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்து இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்தார்கள். 2006இல் அந்தக் குயில்ட்கள் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலேயே வந்தன. புதுப்பாணி என்று நினைப்பதற்கு வேர் பழந்துணியில்தான் இருக்கிறது.

நம் குயில்ட்டின் அளவு அகலம் 36 இஞ்ச், உயரம் 42 இஞ்ச். அரைவெள்ளைத் தரையில், இடது ஓரத்திலிருந்து 6 இஞ்ச் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரே ஒரு பத்தி. அதில் 6 இஞ்ச் கட்டங்கள் ஏழு. ஒவ்வொரு கட்டமும் பாதி நிறம், பாதி வெள்ளை என இரண்டு முக்கோணம். பத்திக்கு வலப்புறம் 24 இஞ்சும் வெறும் வெளி. அவ்வளவுதான். தைத்து முடித்துப் பார்க்கும்போது அந்த வெற்றிடத்தில் ஓடும் கைத்தையல்தான் கண்ணில் நிற்கும்.

துணி

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பிறக்கும் முன்னால் ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். ஆகவே நீலமா ரோஸா என்ற குழப்பமே தேவையில்லை. நான் எடுத்தது மஞ்சள், கிளிப்பச்சை, செங்கல் நிறம், நாவல்பழ நிறம்.

வாங்க வேண்டியவை, 44 இஞ்ச் பன்னாவுள்ள துணிக் கணக்கில்:

- தரைக்கு அரைவெள்ளை காட்டன் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக்: ஒன்றேகால் மீட்டர்
- நான்கு நிறங்கள்: ஒவ்வொன்றிலும் கால் மீட்டர் (ரவிக்கைத் துணியில் மிச்சம் இருந்தால் வாங்கவே வேண்டாம், 7 இஞ்ச் சதுரம் வந்தால் சரி)
- அடித்துணி: ஒன்றேகால் மீட்டர், ஒன்றரை வாங்கினால் நிம்மதி
- ஓரப்பட்டிக்கு: 40 சென்டிமீட்டர்

கடையில் கேட்கும்போது 'சுத்த காட்டன்' என்று அழுத்திச் சொல்லுங்கள். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் நான் வாங்கும் கடையில் "காட்டன்தான்மா" என்று எடுத்துப் போடுவதில் பாதி கலப்படம். ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்பு உருண்டையாகக் கெட்டிப்படும். அப்புறம், அரைவெள்ளைத் துணியின் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். உள்ளே மடிந்திருக்கும் நிறத்துணி வெளியே நிழலடிக்கும்.

அடித்துணிக்கு என் முதல் தேர்வு வீட்டிலுள்ள பழைய நூல்புடவை. நான் அம்மாவின் சுங்குடியை எடுத்தேன். மதுரைச் சௌராஷ்டிரர்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் போட்டு எடுக்கும் புள்ளிதான் அசல் சுங்குடி. இப்போது அச்சடித்த புள்ளிதான் அதிகம் வருகிறது. எதுவானாலும் இருபது வருடம் துவைத்த புடவை சாயமும் விடாது, சுருங்கவும் செய்யாது. ஆனால் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இழை விலகிய இடம் தெரிந்தால் அதைத் தவிர்த்து வெட்டுங்கள். ஜரிகைக் கரை குழந்தைத் தோலில் உராயும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டும் முன் துவைக்க வேண்டும்

சிலர் துவைக்காமலே தைப்பார்கள். கடைசியில் சுருங்கும்போது அழகான சுருக்கம் விழும் என்பது அவர்கள் கட்சி. மெரூன் கதைக்கு அப்புறம் நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஈரத் துணியின் நடுவே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்துப் பிழியுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் மறுபடி ஊறவையுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துணியை வேறெதற்காவது எடுத்து வைத்துவிடுங்கள். உப்புப் போடு, வினிகர் ஊற்று என்பார்கள். கடைத்துணியில் ஏறியிருக்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது.

புதுக் காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். மேலே சொன்ன அளவுகளில் அதற்கும் இடம் விட்டிருக்கிறேன். முழுசாகக் காயும் முன், லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு வையுங்கள்.

நடுவில் என்ன வைப்பது

கடைகளிலும் இணையத்திலும் விரிப்பாகக் கிடைக்கும் காட்டன் வாடிங் (தட்டையான பஞ்சு) நல்லது. மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். பாலியஸ்டர் விரிப்பு மலிவு, லேசு, சீக்கிரம் காயும். நம் ஊர் வெயிலுக்கு அது வியர்க்கும். உதிரிப் பஞ்சு வேண்டவே வேண்டாம், இரண்டு சலவையில் மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும்.

நான் வைத்தது அப்பாவின் எட்டு முழ வேட்டி. நீளம் ஏறக்குறைய 142 இஞ்ச் வரும், அதை 46 இஞ்ச் வீதம் மூன்று துண்டாக வெட்டினால் சரியாக மூன்றடுக்கு. கரையை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். மூன்றடுக்கு வேட்டி பஞ்சைப் போல உப்பாது. விரித்தால் தரையோடு படியும், பிழிந்தால் ஒரு வெயிலில் காயும். மலைப்பக்கம் இருப்பவர்கள் அல்லது குளிர்நாட்டுக்கு அனுப்புபவர்கள் வாடிங் வைப்பதே சரி.

கருவிகள்

சக்கரக் கத்தி, அதற்கான வெட்டுப் பாய், 24 இஞ்ச் கண்ணாடி ஸ்கேல் இருந்தால் வேலை பாதியாகும். அவை இல்லாமலும் முடியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் 7 இஞ்ச் சதுரம் ஒன்று, 6½ இஞ்ச் சதுரம் ஒன்று, துல்லியமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 6½ சதுரத்தில் மூலைக்கு மூலை மார்க்கரால் ஒரு கோடு. துணி தெரியும், வளையாது, கத்தரி பட்டாலும் தேயாது. எங்கள் தெரு டெய்லர் அக்கா சட்டைக் காலருக்கு அச்சு வைத்திருப்பதும் எக்ஸ்ரேயில்தான்.

மெஷினுக்கு 14ஆம் நம்பர் ஊசி புதிதாக ஒன்று மாட்டுங்கள். நூல் காட்டன், அரைவெள்ளை. குண்டூசி, 90 சின்ன ஊக்கு, மாஸ்கிங் டேப், தேய்ந்துபோன சோப்புச் சில்லு. சோப்பால் கோடு போட்டால் முதல் சலவையில் போய்விடும். கடையில் விற்கும் கலர் சாக்பீஸ் சில துணிகளில் போகாது.

கால் இஞ்ச் பரீட்சை

ரவிக்கை தைப்பவர்களுக்கு இதில்தான் சிக்கல். நாம் பிரிக்க இடம் வேண்டும் என்று தாராளமாகத் துணி விட்டுத் தைத்துப் பழகியவர்கள். குயில்ட்டில் எல்லாத் தையலும் துணியின் ஓரத்திலிருந்து கால் இஞ்ச், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏழு கட்டத்தில் ஒவ்வொரு தையலிலும் நூலளவு பிசகினால் கடைசியில் அரை இஞ்ச் காணாமல் போயிருக்கும்.

ஊசியை இறக்கி, அதிலிருந்து வலப்பக்கம் கால் இஞ்ச் அளந்து, மெஷின் தட்டில் மருந்துப் பிளாஸ்திரியை நான்கைந்து அடுக்காக ஒட்டுங்கள். அது சின்ன வரப்பு மாதிரி நிற்கும், துணி அதை உரசிக்கொண்டே போகும். இப்போது கழிவுத் துணியில் 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் சரியாக 3½ இஞ்ச் வர வேண்டும். குறைந்தால் பிளாஸ்திரியை இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். எனக்கு நான்காவது தடவைதான் சரியாக வந்தது. அந்த அரைமணி நேரத்தை வீணென்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

வெட்டுதல்

அரைவெள்ளைத் துணியின் கரையை இரண்டு பக்கமும் வெட்டித் தள்ளுங்கள். கரை நெருக்கமாக நெய்தது, துவைக்கும்போது துணியைவிட அதிகமாக இழுக்கும். பிறகு பாவு ஓடும் வாக்கில், அதாவது நீளவாக்கில், மூன்று பட்டி:

- 24½ இஞ்ச் அகலம், 43½ உயரம் (வலது வெளி)
- 6½ இஞ்ச் அகலம், 43½ உயரம் (இடது ஓரம்)
- 7 இஞ்ச் அகலப் பட்டி, அதிலிருந்து 7 இஞ்ச் சதுரம் நான்கு

உயரத்தில் ஒரு இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும், பிறகு வெட்டிக்கொள்வோம். நான்கு நிறங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு 7 இஞ்ச் சதுரம். ஓரப்பட்டித் துணியில் 2¼ இஞ்ச் அகலத்தில் குறுக்காக ஐந்து பட்டி. நேர் ஓரத்துக்கு கிராஸ் பட்டி (மூலைவாக்கில் வெட்டுவது) தேவையில்லை, அது வளைவுக்குத்தான்.

முக்கோணங்கள்

வெள்ளைச் சதுரத்தின் பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுங்கள். நிறச் சதுரத்தின் நல்ல பக்கமும் வெள்ளையின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல். பிறகு கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டம் கிடைக்கும். நான்கு ஜோடிக்கு எட்டு. நமக்கு ஏழுதான் வேண்டும். எட்டாவதைப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறோம், நேராக முக்கோணமாகவே வெட்டித் தைக்கலாமே என்றால், வெட்டிய மூலைவாக்கு ஓரம் ரப்பர் மாதிரி இழுபடும். இந்த முறையில் தைத்த பிறகுதான் வெட்டுகிறோம்.

இஸ்திரி போடும்போது பெட்டியைத் தேய்க்காதீர்கள். தூக்கி வைத்து அழுத்தி எடுங்கள். தையலுக்குள் மடியும் துணியை நிறப்பக்கமாகச் சாய்த்து அழுத்த வேண்டும். பிறகு எக்ஸ்ரேயின் 6½ சதுரத்தை மேலே வைத்து, அதிலுள்ள கோடு துணியின் தையல்மேல் சரியாக விழும்படி பொருத்தி, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். இதைச் செய்தால் மூலைகள் தானாகச் சந்திக்கும்.

பத்தியைக் கோர்த்தல்

ஏழு கட்டத்தையும் தரையில் மேலிருந்து கீழாக வைத்து விளையாடுங்கள். எல்லா முக்கோணமும் ஒரே பக்கம் பார்த்தால் பறவைக் கூட்டம் போல இருக்கும். மாற்றி மாற்றி வைத்தால் மலைத்தொடர். நான் எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் தலைகீழாகத் திருப்பினேன். அம்மா அதைப் பார்த்து, "ஒண்ணு தப்பா வச்சிருக்கியே" என்று இன்றுவரை சொல்கிறாள். போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றைப் பிரித்து வையுங்கள்.

வரிசை முடிவானதும் ஒன்றோடொன்று தையுங்கள். பத்தி 42½ இஞ்ச் வர வேண்டும். 42¼ வந்தாலும் குடிமுழுகிவிடாது. பத்தி என்ன நீளமோ, அந்த நீளத்துக்கே இரண்டு பக்கத் துணிகளையும் வெட்டுங்கள். இதற்காகத்தான் ஒரு இஞ்ச் கூடுதல் விட்டோம். பிறகு பத்தியிலும் பக்கத் துணியிலும் நடு, கால், முக்கால் என்று குண்டூசியால் அடையாளம் வைத்து, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்துத் தையுங்கள். இழுத்துச் சரிக்கட்டினால் பிறகு விரித்து வைக்கும்போது அலையடிக்கும். இந்த நீளத் தையல்கள் இரண்டையும் மட்டும் வெள்ளைத் துணியின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள், பத்தியில் ஏற்கெனவே கனம் அதிகம்.

மூன்றடுக்கு

இதற்கு நம் வீட்டு டைல்ஸ் தரையை விடச் சிறந்த மேஜை கிடையாது. கூட்டித் துடைத்துவிட்டு, 40 × 46 இஞ்ச் அளவுக்கு வெட்டிய அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். டைல்ஸ் இடுக்குக் கோடுகளைத் துணியின் ஓரத்துக்குத் துணையாக வைத்தால் கோணல் தெரிந்துவிடும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும், மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக வேண்டாம். அதன் மேல் அதே அளவில் வேட்டி அடுக்கு அல்லது வாடிங். அதன் மேல் நடுவாகப் பார்த்து முகத்துணி, நல்ல பக்கம் மேலே.

நடுவில் தொடங்கி வெளியே, நான்கு விரல் மடக்கிய அகலத்துக்கு ஒரு ஊக்கு. ஏறக்குறைய 90 வரும். எண்ணி எடுங்கள், எண்ணிப் போடுங்கள், கழற்றும்போது எண்ணிப் பெட்டியில் வையுங்கள். குண்டூசிக்கும் அதே கணக்கு. குழந்தைக்குப் போகும் பொருளில் ஒரு ஊசி குறைந்தால் அது கிடைக்கும்வரை வேலையை நிறுத்த வேண்டும்.

குயில்ட்டிங்

மெஷினில் போடலாம். அதற்கு வாக்கிங் ஃபுட் என்ற பாதம் தனியாக விற்கிறது. மேல்துணியையும் கீழ்த்துணியையும் சமமாக நகர்த்தும். தையல் நீளம் 3 முதல் 3½ மில்லிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து வெளியே. அந்தப் பாதம் இல்லாமல் பழைய மிதிமெஷினில் முயன்றால் மேல்துணி ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் மடிப்பு விழும். எனக்கு விழுந்தது, பிரிக்க ஒரு ராத்திரி போனது.

கையால் போடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. வெறும் ஓட்டுத் தையல்தான். மேலிருந்து கீழாக 2 இஞ்சுக்கு ஒரு கோடு, மொத்தம் 17 கோடு. கூட்டினால் 18 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். கேட்க மலைப்பாக இருக்கும். ராத்திரிக்கு ஒரு கோடு என்று வைத்தால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். நூல், எட்டாம் நம்பர் பேர்ல் காட்டன் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் எம்பிராய்டரி நூல்கண்டில் ஆறிழையில் மூன்றிழை பிரித்து எடுங்கள், இரண்டு கண்டு போதும். கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகவே தைத்துப் போகலாம். முடித்த கையோடு டேப்பை எடுத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க விட்டால் பசை ஏறும்.

முடிச்சு வெளியே தெரியக் கூடாது. நூல் நுனியில் சின்ன முடிச்சு. கோடு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியைக் குத்தி, நடு அடுக்குக்குள் ஓட்டி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலை வெடுக்கென்று சுண்டினால் 'டொப்' என்று முடிச்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே அடுத்த கோட்டைத் தொடங்கத் தோன்றும். முடிக்கும்போதும் இதே வித்தை, துணியோடு ஒட்டி ஒரு முடிச்சு, உள்ளே ஓட்டி ஒரு இஞ்ச் தள்ளி வெளியே எடுத்து, நூலைத் துணியோடு வெட்டிவிடுங்கள்.

இஞ்சுக்கு நான்கைந்து தையல் வந்தால் அழகு. முதல் கோட்டில் என் தையல் கோழி கொத்தியது போல இருந்தது. அதை நடுவில் தொடங்கியதால் இப்போதும் நடுவிலேயே இருக்கிறது. பிரிக்க மனம் வரவில்லை. ஊசியின் பின்பக்கம் குத்தும் நடுவிரலுக்கு உலோகத் தொப்பி மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது அதே மருந்துப் பிளாஸ்திரி.

ஓரப்பட்டி

17 கோடும் முடிந்ததும் ஊக்குகளைக் கழற்றி எண்ணிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துணியையும் நடு அடுக்கையும் முகத்துணியோடு சமமாக வெட்டுங்கள். மூலை செங்கோணமா என்று பார்க்க மறுபடி டைல்ஸ்.

ஐந்து பட்டியையும் நுனிக்கு நுனி சாய்வாகத் தைத்து ஒரே நீளமாக்குங்கள். நேராகத் தைத்தால் அந்த இடம் கட்டியாகத் துருத்தும். சுற்றளவு 156 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் பத்துப் பன்னிரண்டு இஞ்ச் கூடுதல் வேண்டும். பட்டியின் ஒரு நுனியை மட்டும் சாய்வாக உள்ளே மடித்து, பிறகு முழுப் பட்டியையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள்.

குயில்ட்டின் முகப்பக்கத்தில், ஒரு ஓரத்தின் நடுவில் அந்த மடித்த நுனியோடு தொடங்குங்கள். பட்டியின் திறந்த பக்கம் குயில்ட்டின் ஓரத்தோடு சேர வேண்டும். முதல் 3 இஞ்சைத் தைக்காமல் விட்டுவிட்டு, கால் இஞ்சில் தைத்துக்கொண்டே போய், மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, நூலை வெட்டிவிடுங்கள். இப்போது பட்டியை வானத்தைப் பார்க்க மேலே மடியுங்கள். மூலையில் சாய்வான மடிப்பு ஒன்று விழும். அதை விரலால் பிடித்துக்கொண்டு, பட்டியை அடுத்த ஓரத்தோடு கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு குயில்ட்டின் மேல் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். பின்பக்கம் திருப்பும்போது மூலை போஸ்ட்கவர் மாதிரி தானாக மடியும். ஒரு காகிதத்தில் இரண்டு தடவை மடித்துப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள், படித்துப் புரிவதைவிடக் கைக்குச் சீக்கிரம் புரியும்.

சுற்றி வந்ததும், கடைசி நுனியை ஒரு இஞ்ச் மிச்சம் வைத்து வெட்டி, தொடக்கத்தில் தைக்காமல் விட்ட பட்டிக்குள் செருகி, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, புடவை ஓரம் அடிப்பது போலக் கையால் நெருக்கமாக ஹெம்மிங். அடித்துணியில் மட்டும் ஊசி பிடிக்கட்டும், முகப்பக்கம் தெரியக் கூடாது. எனக்கு இரண்டு சாயந்திரம் ஆனது.

எட்டாவது முக்கோணம்

மிச்சம் வைத்த கட்டத்தின் ஓரங்களை உள்ளே மடித்து, அதன் வெள்ளைப் பாதியில் பேர் தைத்து, அடித்துணியின் மூலையில் வைத்துத் தைத்துவிடுங்கள். குழந்தையின் பேர் தெரியாதே என்பீர்கள். நான் "அத்தை" என்று மட்டும் தைத்து, வருடத்தைப் போட்டு, மேலே ஒரு வரிக்கு இடம் விட்டேன். பேர் வைத்த பிறகு அந்த வரியைத் தைத்துக் கொடுத்தேன். மணி, பட்டன், கண்ணாடி, ரிப்பன் எதுவும் குயில்ட்டில் எங்கும் வேண்டாம். குழந்தை பிய்த்து வாயில் போடும்.

துவைத்துக் கொடுங்கள்

புதிதாக மடித்துப் பளபளவென்று கொடுத்தால் பீரோவுக்குத்தான் போகும். மிதமான சோப்பில் ஒரு தடவை மெஷினில் போட்டு, நிழலில் பரப்பிக் காயவைத்து, அந்தச் சின்னச் சுருக்கங்களோடு கொடுங்கள். ஏற்கெனவே பழகின துணி மாதிரி இருக்கும்.

எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் வாயால் சொல்லிவிட வேண்டும். தூங்கும் பச்சைக்குழந்தையின் மேல் இதைப் போர்த்தக் கூடாது, தொட்டிலிலோ படுக்கையிலோ அதன் பக்கத்தில் போட்டு வைக்கவும் கூடாது. முகத்தை மூடி மூச்சு முட்டலாம். தூங்கும் இடத்தில் குயில்ட், தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. முதல் ஒரு வருடம் இது தரைவிரிப்பு. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது விழித்திருக்கும் குழந்தையைக் குப்புறப் போட, உட்கார வைக்க, மடியில் விரித்துக்கொள்ள.

எங்கள் வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் போடுவது அத்தையின் உரிமை. பிறக்கும் முன்னால் குழந்தைக்கென்று எதையும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள் என்பதால் அதுவரை குயில்ட் என் வீட்டிலேயே இருந்தது. தொட்டிலில் போட்ட அன்றைக்குத் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதைக் கையாலதான் துவைக்கணுமா?" என்றாள். "மெஷின்லயே போடு, தினமும் போடு" என்றேன். கூடவே ஓரப்பட்டித் துணியில் மிச்சமிருந்த பட்டியையும் கொஞ்சம் நூலையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். குயில்ட்டில் முதலில் நைவது ஓரம்தான். ஒன்றரை வருடத்தில் பத்தி இருக்கும் பக்கத்து மூலை பிய்ந்துவிட்டது, பையன் அங்கே பிடித்துத்தான் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகிறானாம். அந்தப் பட்டியை வைத்து மாற்றிக் கொடுக்க அரைமணி நேரம் ஆனது.